ஒத்திகை

கோப்புகளின் பழைய பதிப்புகளைக் காக்கும் மென்பொருளில் அவன் ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தான். அழிக்கும் கட்டளையோடு 'ஒத்திகை' என்று சேர்த்தால், எதெல்லாம் அழியும் என்று திரை சொல்ல வேண்டும். எதையும் அழிக்கக் கூடாது. அந்தச் சொல்லைக் கடைசியில் போட்டால் மென்பொருள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நிஜமாகவே அழித்துவிடுகிறது என்பது புகார்.

கடைசியில் போட்டுப் பார்த்தான். சோதனைக்கு வைத்திருந்த மூன்று கோப்புகளும் போயின. அழிந்தவற்றைத் திரை பட்டியலிட்டது; நான்காவது வரியில் அக்காவின் பெயர் இருந்தது. அதுவும் அழிக்கப்பட்டதாம்.

அம்மாவுக்குப் போன் போட்டான். "அக்கா எங்கம்மா?"

"எந்த அக்காடா? ஒத்தைப் புள்ளையப் பெத்துட்டு நான் படுற பாடு போதாதா?"

மீட்கும் கட்டளையைத் தட்டினான். அப்படி எதுவும் இருந்ததில்லை என்றது திரை.

காலையில் அக்கா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ் மேசையில் இன்னும் சூடாக இருந்தது. இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தான். அது ஆறிக்கொண்டே வந்தது.