இரண்டு கிண்ணம் கோட்டைக் கஞ்சி

"ஏட்டி, மிளகாய் நம்ம ஊருக்கு வராத காலத்துல கோட்டைக்குள்ள என்னத்தத் தின்னுருப்பாக?"

அண்ணன் லிங்கேஸ்வரன் ஒருமுறை என்னிடம் கேட்டது.

அப்போது மில்லில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் டிராகன்களும் முற்றுகையிட்ட கோட்டைகளும் வருகிற தடித்தடியான கதைப்புத்தகங்களோடு படுத்துவிடுவான். விருந்து வருகிற பக்கங்களை மட்டும் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவான்.

இப்போது அவனால் மிளகாயை நாக்கில் வைக்க முடியாது. தாடையில் வந்த புற்றுக்கட்டிக்கு மதுரை ஆஸ்பத்திரியில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்ததில் வாய் முழுக்கப் புண்.

நோயாளிக் கஞ்சி என்றால் கிண்ணத்தைத் தள்ளிவிடுவான். அதனால் அவன் கேட்ட கேள்விக்குப் பதிலைச் சமைக்க ஆரம்பித்தேன்.

கதைகளில் சாப்பாட்டின் பெயர் இருக்கும், பக்குவம் இருக்காது. பின்னாளில் கடல் தாண்டி வந்த மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் கோட்டைக்குள் நுழையக் கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். மற்றதை நானே யோசித்துக்கொண்டேன். பாதாமை அரைத்துப் பால் பிழிந்து, அதில் பார்லியைக் குழைய விடுவேன். பேரிக்காயை வேகவைத்து மசித்துச் சேர்த்து, கடைசியில் நெய்யும் தேனும்.

எல்லாவற்றையும் பக்கத்துத் தெருவில் பேண்டேஜ் நெய்கிற யூனிட்டில் கேட்டு வாங்கிய துணியில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும். ஒரு குறுணை தப்பினாலும் அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும்.

காலை ஆறு மணிக்கு அம்மியில் அரைக்க உட்கார்ந்தால் மதியம் ஆகிவிடும். சாயங்காலம் தோளைத் தூக்கித் தலை வார முடியாது.

புண் ஆறட்டும் என்று கரண்ட் வைப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமைதோறும் எடை பார்க்கிறார்கள். நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய்.

"குழாய் மாட்டுனா அத்தோட சரி. நான் மதுரைப் பக்கமே வரமாட்டேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டான்.

தினமும் இரண்டு மணிக்குப் பாண்டிதுரை அண்ணன் வந்துவிடுவார். மில்லில் அண்ணனோடு சேர்ந்து வேலை பார்த்தவர். ஷிஃப்ட் முடிந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுமுன் எங்கள் வீட்டில் செத்த நேரம் உட்காருவார்.

"என்ன மகாராணி, இன்னைக்கு எந்தத் தேசத்துப் பசை?"

"நோட்டீஸ் ஒட்டவா வந்திய? பேசாமக் குடிங்க."

வந்தவருக்குக் கொடுக்காமல் அண்ணன் தான் மட்டும் குடிக்க மாட்டான். அதனால் இரண்டு கிண்ணம். கைப்பிடி வைத்தது அண்ணனுக்கு.

கிண்டல் பண்ணிக்கொண்டே அந்த மனிதர் ஒரு சொட்டு விடமாட்டார். வீட்டில் சோறே பொங்க மாட்டார்களோ என்று எனக்கு எரிச்சலாக வரும். அதுவும் அண்ணன் உடம்பில் ஏற வேண்டியதல்லவா.

குடிக்கும்போது அண்ணனுக்குக் கடைவாயில் வழியும். தங்கச்சி பார்க்கக் கூச்சப்படுவான். கிண்ணங்களைக் கொடுத்துவிட்டு நான் புறவாசலுக்குப் போய்விடுவேன். திரும்பி வந்தால் இரண்டும் வழித்துத் துடைத்ததுபோல் இருக்கும்.

அப்படியும் போன திங்கட்கிழமை நாற்பத்தாறுதான். மறுநாளிலிருந்து பாதாமை இரட்டிப்பாக்கினேன். நெய்யைக் கூட்டினேன். அரைக்கிற நேரமும் கூடிப்போனது.

இன்று சனிக்கிழமை. புறவாசலுக்குப் போன பிறகுதான் தேன் விட மறந்தது நினைவுக்கு வந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு உடனே திரும்பினேன்.

அண்ணனின் குரல் கரகரவென்று கேட்டது.

"சீக்கிரம் குடிலே. மிச்சம் கெடந்தா, சரியா அரைக்கலையோன்னு மறுபடியும் அம்மியில உக்காந்துருவா."

வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

கைப்பிடிக் கிண்ணம் பாண்டிதுரை அண்ணன் கையில் இருந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கஷாயம் குடிப்பதுபோல் மடக்மடக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய கிண்ணம் பக்கத்தில் காலியாக இருந்தது.

அண்ணனின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அதில் ஈரமே இல்லை.

"எத்தனை நாளா?" என்றேன்.

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பாண்டிதுரை அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கிண்ணத்தைச் சத்தம் வராமல் தரையில் வைத்தார். டிபன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். செருப்பைக் காலில் போடாமல் கையில் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.