எந்தக் குடுவை முதலில் அலறியது

ஆய்வுக்கூட மேசையில் ஒரு சிவப்புப் பலூன் இருந்ததாம். கூரையைத் தொட்டுவிட வேண்டும் என்று அதற்கு அப்படியொரு ஆசை. பழைய ரப்பர், ஒரே ஒரு தடவைதான் தாங்கும். ஹீலியம் நிரம்பினால் பறக்கலாம். நைட்ரஜன் நிரம்பினால் தரையில் உருள வேண்டியதுதான்.

பக்கத்தில், பெயர்ச்சீட்டு உரிந்துபோன இரண்டு கண்ணாடிக் குடுவைகள், ஒரே அளவு வாயுவோடு நின்றன. "நான்தான் ஹீலியம்!" என்று இரண்டுமே சாதித்தன.

பலூன் ஸ்பிரிட் விளக்கிடம் போய், "அண்ணே, இதுல ஒண்ணு நைட்ரஜன். எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டது.

விளக்கு காதோடு சொன்னது: "ஹீலியம் ஒண்டிக்கட்டை, தம்பி. சூடு கொடுத்தா ஓட மட்டும்தான் தெரியும், சட்டுனு சூடேறிரும். நைட்ரஜன் ஜோடி ஜோடியாக் கைகோத்து இருக்கும். வாங்குற சூட்டுல ஒரு பங்கைக் கும்மியடிச்சே தீத்துடும். அதுக்குச் சூடேற நேரமாகும்."

பிறகு இரண்டுக்கும் ஒரே அளவு தீயைக் காட்டியது.

"ஐயோ, சுடுது! போதும் விடுங்கப்பா!" என்று இடது குடுவை அலறியது.

வலது குடுவை சிரித்தது. "பாத்தியா தம்பி, அவன் பதறுறதை? அதே தீதான் எனக்கும். இன்னும் வெதுவெதுப்புதான். பெரிய இடத்துப் பிள்ளைன்னா இப்படித்தான் நிதானமா இருக்கும்!"

"இருக்கும்ணே, நல்லா இருக்கும்," என்ற பலூன், அலறிய குடுவை ஆறும்வரை காத்திருந்து, அதன் வாயில் தன் வாயைப் பொருத்திக்கொண்டது.

பலூன் கூரையில் போய் முட்டியபோதும், கீழே வலது குடுவை தன் நிதானத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது, விளக்கு எப்போதோ அணைந்துவிட்டது தெரியாமல்.