தோள்பையில் ஒரு பென்ட்ரைவ்

முல்லைத்தீவில், கடற்றொழிலாளர் சங்கமொன்றின் அலுவலக ஜன்னலால் வரும் பின்னேர வெயில் கணினித் திரையில் விழுந்து கண்ணைக் கூசவைக்கிறது. நிரோசினி உள்ளங்கையால் வெயிலை மறைத்தபடி, மெல்ல நகரும் நீலப் பட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். புதிய தரவுத்தள மென்பொருள் காலையிலிருந்து ஒவ்வொரு முறையும் பாதி ஏறி, பிழை காட்டும் சிவப்புப் புள்ளடியோடு நின்றுவிட்டது. விடிந்தால் வள்ளங்கள் வந்துவிடும். நிறுக்கும் மீனை இதில்தான் பதியவேண்டும். குறுக்கே நின்றது, முன்பு இங்கே நிரல் எழுதியவர்கள் விட்டுப்போன பழைய மென்பொருள். அதை நீக்கச் செயலாளர் றோஸ்மேரி இலேசில் சம்மதிக்கவில்லை. "ஒண்டையும் எறியாதை பிள்ளை, பிறகு தேடினாலும் கிடையாது." பென்ட்ரைவில் பிரதி எடுத்துக் காட்டிய பிறகே தலையாட்டினார். பழையதை நீக்கிவிட்டு, நிரோசினி புதியதை மறுபடி ஏற்றுகிறாள். றோஸ்மேரி பக்கத்துக் கதிரையில், பாலாடை படிந்த தேத்தண்ணியைக் குடிக்க மறந்து பிடித்திருக்கிறார். மின்விசிறி கிறீச்சிடுகிறது. பட்டை நிறைகிறது. சிவப்பு வரவில்லை; பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம். "அன்ரி, ஏறீட்டுது!" "மெய்யாவோ?" றோஸ்மேரி அந்தப் பச்சையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆறிய தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடிக்கிறார். நிரோசினி கதிரையில் சாய்ந்து சிரிக்கிறாள். "இனிப் பழசு தேவையில்லை அன்ரி. பென்ட்ரைவையும் அழிச்சுப்போட்டு வேற அலுவலுக்கு எடுப்பம்." றோஸ்மேரி பென்ட்ரைவைக் கழற்றி எடுத்து, தன் தோள்பையைத் திறக்கிறார். போரில் இடம்பெயர்ந்த நாளிலிருந்து அந்தப் பை அவரைவிட்டுப் பிரிந்ததில்லை. காணி உறுதிப் பத்திரமும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும் பொலித்தீன் உறைக்குள் அதையும் வைத்து, பையின் சிப்பை இழுத்து மூடுகிறார்.