பாலாடையும் பவுடர் டப்பாவும்

பிரசவ வார்டு அலமாரியில் பால் பவுடர் டப்பாவும், பிள்ளைகளுக்குப் பால் புகட்டும் எவர்சில்வர் பாலாடையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"கேட்டியா? மூணாம் கட்டில் செல்வராணியோட பிள்ளைக்கு ரத்தத்துல கொழுப்பு அதிகமாம். நீ புகட்டுற தாய்ப்பாலோட லட்சணம் அது! என்னைக் குடிக்கிற பிள்ளைக்கு எவ்வளவு கம்மி, தெரியுமா?" என்றது டப்பா.

"பச்சப்பிள்ளைக்கு மூளை வளரணும், நரம்பு வளரணும். அதுக்குத்தான் தாய்ப்பால் கொழுப்பைச் சுமந்துட்டு வருது. பெரியவங்க கணக்கை இங்கே கொண்டு வராதே," என்றது பாலாடை.

டப்பா விடவில்லை. மருந்து பாட்டிலிடமும் பஞ்சுச் சுருளிடமும்கூட அதையே சொல்லிச் சிரித்தது.

மறுநாள் செல்வராணிக்குக் காய்ச்சல் கொதித்தது. பால் ஒரு சொட்டுகூட வரவில்லை. பிள்ளை பசியில் வீறிட்டது. நர்ஸ் ஜெசிந்தா டப்பாவைத் திறந்து, பவுடரைக் கரைத்து, பாலாடையில் ஊற்றினார்.

டப்பா அவசரமாகப் பாலாடையிடம் கேட்டது: "நேத்து நான் பேசினதுக்கு என் பாலைக் கீழே கொட்டிடுவியோ?"

"உன் பேச்சு உன்னோட இருக்கட்டும். பிள்ளை வாயைத் திறந்துடுச்சு. ஒரு சொட்டு சிந்த விடமாட்டேன்," என்ற பாலாடை, அந்தச் சின்ன உதட்டில் மெல்லச் சாய்ந்தது.