பாட்டில் மேடம்

“நர்சிங் படி, பி.காம் படி, இன்னா வேணா படி. பாட்டில் மேடம் காலேஜு மட்டும் வாணாம்.”

கறாராகச் சொல்லிவிட்டு அப்பா பாஸ்கர் வலையை உதற ஆரம்பித்துவிட்டார். வினிதாவுக்கு முகம் தொங்கிப்போனது.

பிளஸ் டூவில் நல்ல மார்க். சுற்றுச்சூழல் அறிவியலில் பட்டம் வாங்க வேண்டும் என்று மனசுக்குள் பெரிய கோட்டையே கட்டி வைத்திருந்தாள். மூன்று வருஷம் இளநிலை, அப்புறம் முதுநிலை, அதற்கப்புறம் கத்திவாக்கத்திலேயே தண்ணீரைப் பரிசோதிக்க ஒரு சின்ன லேப். போர்டில் என்ன எழுத வேண்டும் என்பது வரைக்கும் யோசித்தாயிற்று. விண்ணப்பிக்கத் திங்கட்கிழமைதான் கடைசி நாள். அப்பா இப்போது போய் முட்டுக்கட்டை போடுகிறார்.

பாட்டில் மேடத்தின் உண்மைப் பெயர் ஆன்சி. ராயபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் அந்தப் பாடத்துக்குப் பேராசிரியை. அடிக்கடி ஒரு பை நிறையக் காலி பாட்டிலோடு குப்பத்துக்கு வருவார். பாஸ்கர்தான் தன் படகில் ஆற்றுக்குள் கூட்டிப் போவார். பரிசோதனைக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு மேடம் திரும்பிவிடுவார். பட்டப்பெயர் வைக்க எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

அதுவரை அது செல்லப் பெயராகத்தான் இருந்தது. போன மாதம் ஊர்க் கூட்டத்தில் அவருடைய அறிக்கையைப் படித்தபோதுதான் வந்தது வினை. ஆற்றுத் தண்ணீரில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லையாம்.

கூட்டம் கொதித்துவிட்டது. கொதிக்காதா பின்னே? அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து சேறாகக் கிடக்கிற ஆறு. இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்களுக்குக் கை காலெல்லாம் அரிப்பு. அந்தம்மா கரண்டு கம்பெனிக்காரன் கைல துட்டு வாங்கிகினு எழுதிக்கீது என்று எதிர்வீட்டுத் துரை ஆரம்பித்து வைக்க, ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. பாஸ்கரும் தலையை ஆட்டினார்.

வினிதாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. துட்டு வாங்குகிற ஆள் உச்சி வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலையும் திருப்பித் திருப்பிக் கழுவுவானேன்? அதை விடுங்கள், உடம்பில் பட்டால் அரிக்கிற தண்ணீர், பாட்டிலுக்குள் போனதும் எப்படி நல்ல தண்ணீராகிறது?

இந்தக் கேள்வி வந்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நேரில் கேட்டே விடுவது என்று ரயிலேறிக் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

போனவள் சுற்றி வளைக்கவில்லை.

“நீங்க துட்டு வாங்கினீங்களா மேடம்?”

ஆன்சியின் முகம் சுண்டிப்போனது. ஆனால் எழுந்து போ என்று சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“வாங்கல வினிதா. ஆனா எனக்கும் புரியல. அடியில கிடக்கிற சேறு ஒண்ணு சொல்லுது, தண்ணி வேற ஒண்ணு சொல்லுது. நான் நாகர்கோவில்காரி. உங்க ஆறு எனக்குப் பழக்கமில்ல. கூட்டிட்டுப் போற இடத்துலதான் எடுக்கிறேன்.”

பிறகு ஒரு காலி பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். நீயே பிடித்துக்கொண்டு வா, இரண்டு பேரும் சேர்ந்து பரிசோதிக்கலாம், நான் எழுதினது பொய் என்று தெரிந்தால் என்னிடம் படிக்காதே, வேறு காலேஜ் பார் என்றார்.

திரும்பும்போது ரயிலில் அந்தப் பாட்டிலை மடியிலேயே வைத்திருந்தாள் வினிதா. சேருவதற்கு முன்பே முதல் பாடம் ஆரம்பித்துவிட்ட மாதிரி அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

மறுநாள் காலை ஆற்றங்கரைக்கு வந்தபோது பாஸ்கர் இறால் பிடித்துக் கரையேறியிருந்தார். அம்மா குணசுந்தரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு நன்றாக வற்றி, கறுப்புச் சேறு வெளியே தெரிந்தது.

மகள் கையில் பாட்டிலைப் பார்த்ததும் பாஸ்கருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. இப்போது வேண்டாம், சாயங்காலம் கடல் தண்ணீர் உள்ளே ஏறட்டும், முகத்துவாரத்துப் பக்கம் நானே படகில் கூட்டிப் போகிறேன், அங்கே தெளிவாக இருக்கும், பிடித்துக்கொள் என்றார்.

“நீ எறா புடிக்கிறது இங்கதான நைனா? அப்போ நான் ஏன் அங்க போவணும்?”



வினிதா சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். மேடம் செய்வது போலவே பாட்டிலைக் கழுவிக் கொட்டி, மறுபடி முக்கி எடுத்து மூடினாள். உள்ளே தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. மேடத்தின் பாட்டில்களில் ஒரு தடவைகூட அவள் இந்த நிறத்தைப் பார்த்ததில்லை. அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்று உறைத்தது.

“மேடத்தயும் கடல் தண்ணி ஏறினப்புறம்தான் கூட்டிகினு போனியா நைனா?”

பாஸ்கர் குனிந்து வலையை மடிக்க ஆரம்பித்தார்.

“அவங்க மேல ஊரே பழி போட்டுச்சு. நீயும் தலைய ஆட்டின.”

குணசுந்தரி கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாத தூரம் போகும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, பாஸ்கர் மெதுவாகச் சொன்னார்.

“தண்ணி கலீஜுன்னு எழுதிட்டா, அந்தக் கூடைல கீற எறாவ எவன் வாங்குவான்?”