தின்னரில் விழுந்த ராஜா

"ராஜா, குதிரை வீரருங்க, வில்லாளிங்க, ஒருத்தர் விடாம எல்லாரையும் இவ என்கிட்ட ஒப்படைச்சாகணும். இல்லேன்னா இந்த இடமே ரணகளமாயிடும், சொல்லிட்டேன்!"

கத்தியவர் தளபதி. எந்தப் போரிலும் தோற்காதவர் என்பதால் சங்கத்தில் அவருக்கு அதுதான் பெயர். எதிரே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவி. கோர்ட் கையெழுத்துப் போட்டுவிட்டால் முன்னாள் மனைவி.

இருவருக்கும் நடுவே மேசை மேல் அந்தப் படை நின்றது. எல்லாம் சுண்டுவிரல் உயர ஈயப் பொம்மைகள். பழங்காலத்துப் போர்களை மேசையில் படை நிறுத்தி, பகடை உருட்டி ஆடுகிறவர்களின் சங்கம் அது.

கடையில் வாங்கும்போது எல்லாப் பொம்மையும் வெறும் ஈயம்தான். பெயின்ட் பண்ணினால்தான் உயிர் வரும். இந்தப் படையிலோ குதிரையின் மூக்குகூட ஈரமாக இருப்பதுபோலத் தெரியும்.

வீடு, கார், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் சண்டை போட்டே பிரித்துக்கொண்டாயிற்று. மிச்சம் இந்தப் படை. பெயின்ட் பண்ணியவருக்கே படை என்பது சங்கத்து வழக்கம். பண்ணியது நான்தான் என்று இரண்டு பேருமே சாதித்தார்கள்.

"அந்த வீட்டுலேருந்து எனக்கு இனி வேற எதுவும் வேணாம் சார். இது என் கை வேலை. இதை மட்டும் விட்டுக்குடுக்கச் சொல்லுங்க" என்றாள் அவள், பஞ்சாயத்துக்கு உட்கார்ந்திருந்த சங்கத் தலைவரிடம்.

"உன் கை வேலையா? ராஜாவோட நீல அங்கியில எத்தனை நீலம் இருக்குன்னு தெரியுமாடி உனக்கு? அடியில கறுப்பு, அதுக்கு மேல கருநீலம், மடிப்பு எழும்பற இடத்துல மட்டும் வெளிர் நீலம். தெரியுமா?"

"நான் பண்றப்போ பின்னாடி நின்னு பார்த்தவருதானே. தெரியாமலா போகும்?"

"யாரு, நான் பார்த்தேனா? நீ டீ கொண்டு வந்து வச்சே. அதைக்கூட ஆறவச்சுத்தான் கொண்டு வந்தே!"

சுற்றி நின்ற உறுப்பினர்கள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சிவந்தது. கைக்குட்டை தேடிக் கைப்பையைக் குடைந்தபோது, பழைய பல் பிரஷ் ஒன்று தவறி விழுந்தது. நாரெல்லாம் நாலா பக்கமும் பிரிந்து, அடியில் பச்சையும் சிவப்புமாக ஏதோ காய்ந்து கிடந்தது.

சங்கத் தலைவர் ரிட்டயரான பல் டாக்டர். அவருக்கு அதைப் பார்க்கவே சகிக்கவில்லை. "இதை வச்சா பல்லு தேய்க்கிறே? தூக்கி எறிம்மா முதல்ல!"

"வீட்டை விட்டு ஓடுனவ பிரஷ்ஷும் கையுமாத்தானே திரியணும்" என்றார் தளபதி. மறுபடியும் சிரிப்பு. அவள் குனிந்து அதை எடுத்துக்கொண்டாள்.

தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். அலமாரியிலிருந்து பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் பாட்டிலை எடுத்து, கண்ணாடிக் கிண்ணம் நிறைய ஊற்றினார். நெடி மூக்கைத் துளைத்தது.

"சாட்சியும் கிடையாது, சமாதானமும் கிடையாது. எல்லாத்தையும் இதுல முக்கிடறேன். பெயின்ட் போயி வெறும் ஈயமாயிடும். ஆளுக்குப் பாதி அள்ளிட்டுப் போங்க!"

"ஐயையோ!" தளபதி மேசை மேல் அப்படியே கவிழ்ந்து, இரண்டு கையாலும் படையை மறைத்துக்கொண்டார். "வேணாம் சார்! இது என் உசிரு சார்!" குரல் உடைந்தது. அத்தனை பெரிய மனிதர் அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். நடிப்பில்லை, நிஜமான கண்ணீர்.

அவள் எழுந்தாள். அவர் கை இடுக்கிலிருந்து ராஜாவை உருவி எடுத்து, கிண்ணத்தில் போட்டாள். நீல அங்கி புகையாகக் கலைந்து தின்னரில் கரையத் தொடங்கியது.

"அடிப்பாவி!" என்றார் ஓர் உறுப்பினர். "இதெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றார் இன்னொருவர்.

தலைவர் மேசையில் தட்டினார். தான் போட்ட தூண்டிலில் மீன் சிக்கிவிட்டது என்ற திருப்தி அவர் முகத்தில் வழிந்தது. "விஷயம் விளங்கிடுச்சு. தன் கையால பண்ணதை யாராவது இப்படித் தூக்கிப் போடுவாங்களா? உனக்குக் கொஞ்சமாச்சும் வலிச்சுதாம்மா? அங்க பாரு, அந்த மனுஷன் எப்படி அழறாரு!"

அவள் ஒரு கரண்டியால் ராஜாவை வெளியே எடுத்தாள். கைப்பையிலிருந்த பல் பிரஷ்ஷால் அங்கியின் மடிப்பு, கிரீடத்தின் இடுக்கு எல்லாம் விடாமல் தேய்த்தாள். கை தானாகவே போனது.

"இந்த நீலம் எனக்கு ரொம்ப நாளாவே பிடிக்கலை. அதுக்கு முன்னாடி பச்சை. அதுக்கும் முன்னாடி சிவப்பு. அதையும் இப்படித்தான் கழுவினேன்."

துடைத்த ராஜாவைத் தளபதியின் முன்னால் நிறுத்தினாள். கைப்பையிலிருந்து ஒரு மெல்லிய தூரிகையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "இந்தாங்க, உங்க ராஜா. மறுபடியும் பண்ணிக்கோங்க."

தளபதி அழுகையை நிறுத்தவில்லை. தூரிகையையும் தொடவில்லை.

"என்ன தளபதி, எடுத்துக்கோங்களேன்" என்றார் தலைவர்.

அவள் கைப்பையை மூடினாள்.

"அவருக்குப் பெயின்ட் பண்ண வராது சார். அதான் அழறாரு."