ஏழாம் கூடத்தில் கிடந்தவர்

கலைக்கூடத்தில் எது கலை, எது குப்பை என்று இப்போது சுவரிலிருக்கும் கேமராதான் சொல்கிறது. போன வருஷம் ஒரு மரத்தூள் குவியலைக் கூட்டி அள்ளிய மூன்று பேருக்கு வேலை போனது. அது சிற்பமாம். அன்றிலிருந்து துப்புரவுக்காரி செல்லக்கிளி ஒரு கிழிந்த டிக்கெட்டைக்கூடக் கேட்காமல் தொடுவதில்லை.

இன்று காலை ஏழாம் கூடத்தில், அவளோடு வேலை பார்க்கும் சவரிமுத்து தரையில் விழுந்து கிடந்தார். வாளி கவிழ்ந்து தண்ணீர் அவரைச் சுற்றிப் பரவியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

செல்லக்கிளி அவரைத் தூக்க ஓடினாள். ஆனாலும் பழக்கம் விடவில்லை. கேமராவை நிமிர்ந்து பார்த்து, "இதத் தொடலாமா?" என்று கேட்டுவிட்டாள்.

"கலை. விலகி நில்லுங்கள்" என்றது கேமரா. சவரிமுத்துவைச் சுற்றிச் சிவப்புக் கயிறு இறங்கியது. கதவு திறந்து பார்வையாளர்கள் உள்ளே வந்தார்கள்.

"சும்மா படுத்துக் கெடந்தா அது கலையா?" என்று முகம் சுளித்தார் கண்ணாடிக்காரர் ஒருவர்.

"உழைக்கிறவங்க களைப்பைக் காட்டுறாங்க சார்" என்றாள் பக்கத்திலிருந்த பெண்.

"ஐயோ, அண்ணனுக்கு மூச்சு நிக்கப்போவுது! யாராச்சும் வாங்களேன்!"

கயிற்றைத் தாண்டி ஓடிய செல்லக்கிளி, அவர் தலையை மடியில் ஏந்திக்கொண்டு அலறினாள்.

கண்ணாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப ஒத்துக்கறேன்மா, இது கலைதான்" என்று சொல்லி, முதல் ஆளாகக் கைதட்டினார்.